உறிஞ்சும் ஜட்டியா, தடுக்கும் ஜட்டியா?

மாதவிடாய் நாட்களுக்கென்று தனி ஜட்டி தைத்து விற்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் செய்வது, ஆன்லைனில் ஒன்றை வரவழைத்து அதன் அடித்துண்டைப் பிரித்துப் பார்ப்பதுதான். நல்ல வழிதான். பிரித்தால் நான்கு அடுக்கு தெரியும். உடம்பில் படுவது மெல்லிய பருத்தி, அல்லது ஈரத்தைச் சட்டென்று கீழே அனுப்பும் பாலியஸ்டர் பின்னல். அதற்கடியில் ஒன்றோ இரண்டோ மடிப்பு உறிஞ்சும் துணி. அதற்கும் கீழே பி.யு.எல், அதாவது ஒரு பக்கம் பாலியூரிதேன் படலம் ஒட்டிய பாலியஸ்டர் துணி. குழந்தைகளின் துணி டயப்பரில் வருமே, அதேதான். கடைசியாக வெளியே தெரியும் பனியன் துணி.

உசிலம்பட்டிப் பக்கம் நைட்டியும் உள்பாவாடையும் தைத்துக்கொண்டிருக்கும் ஒரு மகளிர் குழு இப்படிப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை அப்படியே போட்ருவமா?" என்று கேட்டது. வேண்டாம் என்றேன். காரணத்தை வாயால் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். அதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

தைக்க மூன்று வழி இருக்கிறது. முதலாவது, எல்லா அடுக்கையும் உள்ளேயே வைத்துத் தைத்த ஜட்டி. இதற்குப் பேட் வேண்டாம். இரண்டாவதில் தடுப்புத் துணி மட்டும் ஜட்டியோடு இருக்கும். உறிஞ்சும் துணியைத் தனியே மாட்டிக் கழற்றலாம். மூன்றாவதில் உறிஞ்சும் துணியே கிடையாது. வழக்கமாக வைக்கும் பேடுக்கு அடியில் கசிவு வெளியே வராமல் தடுக்க ஓர் அடுக்கு, அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்கு முதல் வழிதான் முழுசாகத் தெரியும், மூன்றாவது அரைகுறை வேலை போலத் தோன்றும். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் தைத்து இங்கேயே விற்பதாக இருந்தால் நான் அந்த அரைகுறையில் இருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு மாதவிடாயில் சராசரியாகப் போகும் ரத்தம் 30 முதல் 40 மில்லிலிட்டர். 80-ஐத் தாண்டினால் மருத்துவர்கள் அதை அதிக உதிரப்போக்கு என்பார்கள். வெளியே வருவதில் ஏறக்குறைய பாதிதான் ரத்தம், மீதி சளியும் திசுவும் மற்ற திரவமும். இதில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று நாளிலேயே போய்விடும். அதுவும் சீராகச் சொட்டுவதில்லை. வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போது மொத்தமாக இறங்குவதை எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் மில்லிலிட்டர் கணக்கு பெரும்பாலும் தண்ணீரையோ உப்புநீரையோ ஊற்றிப் பார்த்தது. 2023-ல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், ரத்த வங்கியில் காலாவதியான சிவப்பணுக்களை வைத்துப் பலவகை மாதவிடாய்ப் பொருட்களைச் சோதித்தார்கள். பேட், டாம்பன் (உள்ளே செருகும் பஞ்சு உருளை), கப் (உள்ளே வைக்கும் சின்னக் கிண்ணம்) எல்லாம் ஏறக்குறைய 20 முதல் 50 மில்லி வரை பிடித்தன. எல்லாவற்றிலும் குறைவாகப் பிடித்தது ஜட்டிதான், சுமார் 2 மில்லி. எல்லா ஜட்டியும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், தடித்த அடுக்கு வைத்தால் கூடுதலாகத் தாங்கும். ஆனால் காரணம் புரிகிறது. ரத்தம் தண்ணீரை விடக் கெட்டி. துணிக்குள் மெதுவாகத்தான் இறங்கும், இறங்குவதற்குள் பக்கவாட்டில் ஓடிவிடும்.

அதனால் முதல் வகை ஜட்டியை இரண்டாம் நாளுக்குத் தனியாக நம்புவது சரியில்லை. உறிஞ்சும் வேலையைப் பேடோ கப்போ மடித்த துணியோ செய்யட்டும். நாம் தைக்கும் ஜட்டி, அவை தவறும் இடத்தில் நிற்கட்டும்.

ஓரத்தில்தான் விஷயம் இருக்கிறது

கறை எங்கே படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அடித்துண்டின் நடுவில் ஊடுருவிப் படுவது குறைவு. கால் ஓரத்தில் ஏறி வந்து தொடையிலோ சுடிதாரிலோ படுவதுதான் அதிகம். நடுவில் இன்னும் ரெண்டு மடிப்புத் துணி சேர்த்தால் இது தீராது.

பருத்தி ஈரத்தை இழுக்கும், அதன் குணமே அதுதான். உள்பக்கத்துப் பருத்தியைக் கால் எலாஸ்டிக் மேல் சுற்றி வெளிப்பக்கம் மடித்துத் தைத்தால், அந்தப் பருத்தியே விளக்குத் திரி மாதிரி ரத்தத்தை வெளியே கொண்டுவந்துவிடும். அடியில் எவ்வளவு நல்ல தடுப்புத் துணி இருந்தாலும் பயன் இல்லை. பருத்தி நூலும் இதே வேலையைச் செய்யும். அதனால் கால் ஓரத்துக்கு ஈரம் இழுக்காத மடிப்பு எலாஸ்டிக் (இரண்டாக மடித்து ஓரத்தைப் பொதியும் நாடா) போடுங்கள், பாலியஸ்டர் நூலில் தையுங்கள். உள்பக்கப் பருத்தி ஓரத்துக்கு ஒரு விரல் அகலம் முன்னாலேயே நிற்கட்டும். தடுப்புத் துணி மட்டும் எலாஸ்டிக் வரை போகட்டும்.

அடுத்தது ஊசித் துளை. தண்ணீர் விடாத படலத்தில் ஊசி இறங்கினால் ஒவ்வொரு குத்தும் ஓர் ஓட்டை. ஆன்லைனில் வாங்கிய சிலவற்றில் உறிஞ்சும் துணியைச் சுற்றி நான்கு அடுக்கையும் சேர்த்துத் தையல் ஓட்டியிருப்பார்கள். அதாவது மிகவும் ஈரமாகும் இடத்தைச் சுற்றி வரிசையாக ஓட்டை போட்டிருக்கிறார்கள்! உறிஞ்சும் துணி வைப்பதாக இருந்தால் அதை மேல் பருத்தியோடு மட்டும் தைத்துக்கொண்டு, அந்த இரண்டையும் சேர்த்துத் தடுப்புத் துணியின் ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். நுனி உருண்ட பால்பாயிண்ட் ஊசி போடுங்கள், தையல் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். குண்டூசி குத்திப் பிடிக்கும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிட வேண்டும், கிளிப் போதும்.

இந்த இரண்டு இடத்திலும் மூன்றாவது வகைக்குத்தான் லாபம். உறிஞ்சும் துணி இல்லாததால் நடுவில் தையலே வராது, திரி போல இழுக்கப் பருத்தியும் குறைவு. புதிதாகக் கற்றுக்கொள்ளும் கைக்கும் இதுதான் எளிது. முதல் வகையில் நான்கு அடுக்கையும் கால் வளைவில் சேர்த்து எலாஸ்டிக் பிடிக்கும்போது வீட்டுத் தையல் மெஷின் திணறும், தையல் தாவும். ஓவர்லாக் இருந்தாலும் அந்தத் தடிப்பு தொடை இடுக்கில் உரசும்.

அளவைப் பொறுத்தவரை, சாதாரண ஜட்டியின் அடித்துண்டு இதற்குக் குட்டை. முன்பக்கமும் பின்பக்கமும் நீட்டி 25 முதல் 30 செ.மீ வரை கொண்டுபோக வேண்டும். இரவுக்கென்று தைப்பதில் பின்பக்கம் இடுப்பு எலாஸ்டிக் வரையே தடுப்பு போகலாம், ஏனென்றால் மல்லாந்து படுக்கும்போது ஓட்டம் முதுகுப் பக்கம்தான். நடுவில் அகலம் 7, 8 செ.மீ போதும். அதற்கு மேல் போனால் இறக்கை வைத்த பேடின் இறக்கை மடிந்து ஒட்டாது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. கசிவுக்குப் பயந்து அடித்துண்டை அகலமாக வெட்டி, கடைசியில் பேட் நகரும் ஜட்டியைத் தைத்து வைத்துவிடுவார்கள். கால் எலாஸ்டிக்கைக் கால் வளைவின் அளவை விட 10 முதல் 15 சதவீதம் குறைத்து வெட்டினால் ஓரம் தொடையோடு படியும். அதைவிட இறுக்கினால் வெயில் காலத்தில் தடிப்பு வந்துவிடும்.

தடுப்புத் துணியை ஜட்டி முழுக்கப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சித்திரையில் மதுரை வெயிலில் ஒருநாள் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். பி.யு.எல் துணியில் ஆவி கொஞ்சம் வெளியேறும் என்பது உண்மைதான், ஆனால் 40 டிகிரிக்குப் பக்கத்தில் அந்தக் கொஞ்சம் போதாது. தேவையான இடத்தில் மட்டும் தடுப்பு, மற்ற இடமெல்லாம் லைக்ரா கலந்த பருத்திப் பனியன் துணி. விளக்குத்தூண் பக்கத்தில் இந்தத் துணிக்கும் எலாஸ்டிக்குக்கும் பஞ்சம் இல்லை. பி.யு.எல் மட்டும் ஆன்லைனில் மீட்டர் கணக்கில் வரவழைக்க வேண்டியிருக்கும்.

துவைப்பதும் காய வைப்பதும்

முதல் வகைக்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் கொடியில்தான் தெரியும். நான்கு அடுக்கை ஒன்றாகத் தைத்த ஜட்டி பங்குனி, சித்திரையில் மாடியில் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மறுநாளும் உள் அடுக்கு சில்லென்றே இருக்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருப்பதுதான் ஆபத்து. அப்படியே போட்டால் வாடையும் அரிப்பும் வரும். இதற்கு மேல், நம்மூரில் மாதவிடாய்த் துணியை வெளிப்படையாகக் கொடியில் போடும் வீடு எத்தனை? துண்டுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், குளியலறைக் கம்பியில்தான் காய்கிறது. பேரையூர்ப் பக்கம் கூவலாபுரம் போன்ற ஊர்களில் அந்த நாட்களில் பெண்களை வீட்டுக்கு வெளியே தனி இடத்தில் தங்க வைக்கும் வழக்கம் இருப்பதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அங்கே தங்கும் பெண்ணுக்குத் தடித்த ஜட்டியை நிழலில் காய வைத்துக்கொள் என்று கொடுப்பது உதவியாகாது. வழக்கத்தை மாற்றும் வேலை தனி. தைப்பவர் இன்றைக்கு இருக்கும் கொடியை வைத்துத்தான் தைக்க வேண்டும்.

மூன்றாவது வகை ஏறக்குறைய சாதாரண ஜட்டி காயும் நேரத்தில் காய்ந்துவிடும். வெளியே தொங்கினாலும் வித்தியாசம் தெரியாது. தண்ணீரும் குறைவாகச் செலவாகும். ஒன்றுவிட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும் தெருவில் இது சின்ன விஷயம் இல்லை. தடித்த அடுக்கை ரத்தம் முழுக்க வெளியேறும் வரை அலச எத்தனை குடம் ஆகும் என்று ஒருமுறை அலசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

துவைப்பதில் மூன்று வகைக்கும் விதி ஒன்றுதான். முதலில் குளிர்ந்த தண்ணீர். சுடுதண்ணீரில் போட்டால் ரத்தத்தின் புரதம் உறைந்து கறை நிலைத்துவிடும். பிளீச்சும் இஸ்திரியும் தடுப்புப் படலத்தைக் கெடுக்கும். துணி மென்மையாக இருக்க ஊற்றும் கண்டிஷனர் உறிஞ்சும் திறனைக் குறைக்கும், அதை விட்டுவிடலாம்.

கழற்றும் துணி வேண்டுமென்றால்

பேட் வாங்க விருப்பமில்லாதவர்கள், பேடால் புண்ணாகிறது என்பவர்கள், குப்பை கூடுகிறதே என்று கவலைப்படுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டாவது வகை. மூன்றாவது வகை ஜட்டியிலேயே முன்னும் பின்னும் ஒரு நாடாவைக் குறுக்கே தைத்துவிட்டால் இரண்டாவது ஆகிவிடும், துணியை அதற்குள் செருகலாம். நாடாவின் இரண்டு முனையையும் கால் ஓரத் தையலோடு சேர்த்துவிட்டால் புது ஓட்டையும் விழாது. டிச் பட்டன் வைப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை, பட்டன் உட்காரும் இடத்தில் படலம் கிழிகிறது.

உறிஞ்சும் துணியில் எது நல்லது? மைக்ரோஃபைபர் வேகமாகக் குடிக்கும், ஆனால் அழுத்தினால் திருப்பித் தந்துவிடும். ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்காரும்போதுதான் அது கைவிடும். தோலில் நேராகப் படவும் கூடாது, தோலை வறளச் செய்யும். டெர்ரி, அதாவது துண்டுத் துணி, நன்றாகக் குடிக்கும். ஆனால் தடிப்பு, காய நேரம் எடுக்கும். மூங்கில் விஸ்கோஸ் மென்மையாகவும் நன்றாக உறிஞ்சுவதாகவும் இருக்கிறது, விலைதான் ஒத்துவராது. பருத்தி ஃபிளானல் மெதுவாகக் குடித்தாலும் குடித்ததை விடாது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் வைப்பது பழைய காட்டன் சேலைத் துணி. நைந்த சுங்குடியோ வேட்டியோ எதுவானாலும் சரி. பலமுறை துவைத்துக் கஞ்சி போன துணி புதுத் துணியை விட நன்றாக உறிஞ்சும். மடித்தால் எட்டு மடிப்பு, விரித்துக் காயப்போட்டால் ஒற்றைத் துணி. நம் பாட்டிமார் மடித்து வைத்த துணியில் இருந்த குறை, அதை நகராமல் பிடிக்க ஒன்றும் இல்லாததும் அடியில் தடுப்பு இல்லாததும்தான். அந்த இரண்டையும் ஜட்டி பார்த்துக்கொள்ளும். புதுத் துணியில் செய்வதாக இருந்தால் விற்கும் முன் இரண்டு மூன்று முறை துவைத்துக் கஞ்சியை எடுத்துவிடுங்கள்.

மேல் துணியின் நிறம் பற்றி ஒரு வார்த்தை. கறை தெரியக்கூடாது என்று கறுப்பே கேட்பார்கள். கறுப்பில் கறையும் தெரியாது, சரியாக அலசவில்லை என்பதும் தெரியாது. உள்பக்கத்துக்கு நான் சாம்பல் நிறம் சொல்வேன்.

யாருக்கு எது

மாசி வீதிகளில் துணிக்கடை, நகைக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள் நாள் முழுக்க நிற்கிறார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தப்பட்டது. இருக்கை இருந்தாலும் கூட்ட நேரத்தில் பேட் மாற்றப் போக வாய்ப்பது அரிது. இவர்களுக்கு நிற்கும்போது பேட் நகராத, முன்பின் நீண்ட தடுப்பு உள்ள மூன்றாவது வகை. விடியற்காலையில் மல்லிகை பறிக்கப் போகும் பெண்களின் கதை வேறு. குனிந்தும் குத்துக்காலிட்டும் வேலை. உட்காரும்போது ஜட்டியின் கால் ஓரம் பின்பக்கம் தூக்கிக்கொண்டு வாய் பிளக்கும். அவர்களுக்குக் கால் கொஞ்சம் நீளமாக, ஷார்ட்ஸ் போலத் தைக்க வேண்டும். தொடை உரசிப் புண்ணாவதும் அதில் குறையும். வெக்கை கூடும்தான், ஆனால் உரசலை விட வெக்கையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதுதான் பலரிடமும் நான் கேட்டது.

பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கு அரசு புதுயுகம் திட்டத்தில் இலவச நாப்கின் தருகிறது. கையில் பேட் இருக்கிறது, பயம் சீருடையில் கறை படுவதுதான். அவர்கள் பேடை நிறுத்திவிட்டுச் சில நூறு ரூபாய் கொடுத்து முதல் வகையில் அரை டஜன் வாங்க வேண்டும் என்று சொல்வதில் என்ன நியாயம்? மூன்றாவது வகையில் இரண்டு இருந்தால் மாற்றி மாற்றிச் சமாளிக்கலாம்.

முதல் வகையை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. நாலாம் நாள், ஐந்தாம் நாள் கசிவுக்கும், பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் ஓட்டம் குறைந்த பிறகும் அது மிக வசதி. மனவளர்ச்சி குறைந்த பெண்குழந்தைகளின் தாய்மாருக்கு வேறு எதுவும் ஈடாகாது. பேடைப் பிய்த்து எறிந்துவிடும் பிள்ளைக்கு ஜட்டியை மட்டும் போட்டுவிட்டால் போதும் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! இதை மட்டும் கேட்டு வரும் தாய்மாருக்கு ஆர்டரின் பேரில் தைத்துக் கொடுக்கலாம். சிறுநீர்க் கசிவுக்கு ஆகுமா என்று கேட்டால் ஆகாது என்று சொல்லிவிட வேண்டும். அந்த அளவு வேறு, அதற்கான அடுக்கும் வேறு. மணிக்கொரு பேட் நனைகிறது என்று யாராவது சொன்னால் ஜட்டி விற்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

விற்பனைக்கு இறங்கும் முன் இரண்டு விஷயம். மறுபயன்பாட்டுப் பேடுக்கும் மாதவிடாய் ஜட்டிக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 17514 என்ற தரவரையறையை 2021-ல் கொண்டுவந்திருக்கிறது, அதைப் படித்துவிடுங்கள். இன்னொன்று ரசாயனம். அமெரிக்காவில் திங்ஸ் என்ற பிரபல நிறுவனத்தின் ஜட்டிகளில் பி.எஃப்.ஏ.எஸ் வகை (எளிதில் சிதையாத, உடம்புக்குக் கேடு என்று சொல்லப்படும்) ரசாயனம் இருப்பதாக வழக்குப் போட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே அந்த நிறுவனம் சமரசத்துக்கு வந்தது 2023-ல் பெரிய செய்தி ஆனது. தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடும் பூச்சு பூசிய துணியில் இந்த வகை ரசாயனம் இருக்க வாய்ப்பு உண்டு. பி.யு.எல் துணிக்கு அந்தப் பூச்சே தேவையில்லை, படலமே போதும். பூச்சு இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்.

தைத்ததைச் சோதிக்கத் தண்ணீரை ஊற்றிப் பார்த்து ஏமாறாதீர்கள். வடித்த கஞ்சியை ஆறவைத்து வடிகட்டி, பீட்ரூட் சாறு கலந்து, கொஞ்சம் கெட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். பேட் வைத்த ஜட்டியை வெள்ளைத் துணி மேல் விரித்து, குழந்தைக்கு மருந்து கொடுக்கும் ஃபில்லரால் 5 மில்லியை ஒரே மூச்சில் பேடின் ஓரத்தில் ஊற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு ஆள் உட்கார்ந்து எழ வேண்டும். வெள்ளைத் துணியில் கால் ஓரத்தின் வளைவு தெரிந்தால் எலாஸ்டிக்கில் கோளாறு. புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தையல் துளை.

முதல் சுற்றில் மூன்றாவது வகையை மட்டும், எம், எல், எக்ஸ்எல் அளவுகளில் போடுங்கள். எக்ஸ்எல் கூடுதலாக இருக்கட்டும், கடைகளில் பெரிய அளவுதான் கிடைப்பதில்லை என்று பெண்கள் சொல்கிறார்கள். நாடா வைத்த இரண்டாவது வகை அடுத்த சுற்றில் வரட்டும். பாக்கெட்டில் இத்தனை மில்லி தாங்கும் என்று எதுவும் அச்சடிக்க வேண்டாம். பேடோடு சேர்த்துப் போட வேண்டியது, பச்சைத் தண்ணீரில் அலச வேண்டியது, இஸ்திரி போடக்கூடாதது என்று மூன்று வரி போதும்.